கல்லும் செடியும் போட்டால் போதுமா?

பழவேற்காடு ஏரியில் படகில் போனவர்களுக்குத் தெரியும், பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. கழி ஊன்றிய இடத்தில் பாசிக்குள்ளிருந்து விரல் நீளக் குஞ்சுகள் சிதறும். ரெண்டடி தள்ளி மறுபடியும் பாசிக்குள் புகுந்துகொள்ளும். பயப்படத் தெரியாததை எல்லாம் நாரையும் கூழைக்கடாவும் ஏற்கெனவே தின்றிருக்கும்.

இதையே சிமெண்ட் தொட்டியில் வளர்ந்த குஞ்சு செய்யுமா? இந்தக் கேள்விக்காகச் சில ஆய்வுக்கட்டுரைகளை மறுபடியும் எடுத்து வைத்துப் படித்தேன். அதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒன்றின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு.

2013இல் சால்வனேஸ், பிரைத்வைட் முதலியோர் ராயல் சொசைட்டி இதழில் எழுதியது அது. அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகளில் ஒரு கூட்டத்தை வெறும் தொட்டியிலும், இன்னொன்றைக் கல்லும் செடியும் போட்ட தொட்டியிலும் வளர்த்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு முன்மூளையில் நியூரோ-டி1 என்ற மரபணுவின் செயல்பாடு கூடியிருந்தது. புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிப்பதிலும் அவை கெட்டி. நேர்த்தியான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் புதிர்ப்பாதையில் கூழைக்கடா கிடையாது. ஹேட்சரி மீனின் பிரச்சினை, வெளியே விட்டதும் செத்துப்போவது. மூளை வளர்ந்தது என்பதற்கும் மீன் பிழைத்தது என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அதை அந்தக் கட்டுரை தாண்டவில்லை. எங்கள் மென்பொருள் தொழிலில் இது தினசரி நடப்பு. டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டும், லைவில் போட்டால் விழுந்துவிடும்.

2003இல் பிரவுன், டேவிட்சன், லாலண்ட் மூவரும் செய்த சோதனை எனக்கு இன்னும் நேர்மையாகப்படுகிறது. அவர்கள் மூளையை அளக்கவில்லை. முன்பின் பார்க்காத உயிர் இரையைப் போட்டால் குஞ்சு தின்னுமா என்று பார்த்தார்கள். கல்லும் செடியும் உள்ள தொட்டி மட்டும் போதவில்லை, முன்பே உயிர் இரை கொடுத்தது மட்டும் போதவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் பலன் தெரிந்தது. தொட்டியில் நாலு பிளாஸ்டிக் செடியைப் போட்டுவிட்டு 'இயற்கைச் சூழல்' என்று பெயர் வைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

இதைவிடச் சங்கடமானது 2010இல் பிராக்மார்க் குழு டிரவுட் மீனில் கண்டது. நெரிசலைக் குறைத்து, இயற்கையில் இருக்கும் அளவுக்குக் கொண்டுவந்து வளர்த்த குஞ்சுகள், ஓடையில் விட்டபோது சுமார் இரண்டு மடங்கு பிழைத்தன. இதை யாரும் அதிகம் கொண்டாடுவதில்லை. காரணம் சுலபம்: கல் மலிவு, இடம் மலிவில்லை. அதே தொட்டியில் குஞ்சு குறைந்தால் ஒரு குஞ்சின் விலை ஏறும்.

சரி, இதெல்லாம் குளிர்நாட்டு மீன். நம்ம கொடுவாவுக்கு என்ன? சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (சிபா) 1997இலேயே கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்துகாட்டியது. முட்டுக்காட்டில் அதற்கு ஹேட்சரி இருக்கிறது. கொடுவாக் குஞ்சுக்கு முதல் எதிரி கூடப்பிறந்ததுதான். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும் உடன்பிறப்பை அப்படியே விழுங்கிவிடும். அதனால் சில நாளைக்கு ஒருமுறை பெரிசு, சிறிசு என்று பிரித்தே ஆக வேண்டும். கல்லும் செடியும் போட்டால் பிரிப்பது கஷ்டம், மிச்சத் தீவனம் இடுக்கில் தங்கி அழுகும், நோய் வரும். வெறும் தொட்டி என்பது சோம்பேறித்தனம் இல்லை, அதற்குக் காரணம் உண்டு. சால்மன் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஹேட்சரிக்காரர்களைக் குறை சொல்பவர்கள் (நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான்) இதை யோசிப்பதில்லை.

தவிர, அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் குட்டைக்கும் கூண்டுக்கும் போகின்றன. அங்கே வேளாவேளைக்குத் தீவனம் விழும். கூழைக்கடாவைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. குஞ்சைக் கடலிலோ ஏரியிலோ விடும்போதுதான் கேள்வி உயிர் பெறுகிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பச்சை வரி இறால் குஞ்சுகளைப் பாக் நீரிணைப் பகுதியில் விட்டுவருகிறது. இப்படி விடும் செய்திகள் எதுவானாலும் தலைப்பில் வருவது எண்ணிக்கைதான். எத்தனை லட்சம் விட்டோம் என்பது செலவுக் கணக்கு. எத்தனை பிழைத்தது என்பதுதான் வரவுக் கணக்கு.

பழவேற்காட்டில் நாளைக்கே யாராவது கொடுவா, மடவைக் குஞ்சுகளை ஏரியில் விடலாம் என்று வந்தால் நான் முதலில் முகத்துவாரத்தைக் காட்டுவேன். மடவையும் கொடுவாவும் முட்டையிடுவது கடல் உப்புள்ள தண்ணீரில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வருகின்றன. ஏரிதான் நாற்றங்கால். பாசி, சேறு, ஆளிப் படுகை, மாறும் உப்பு, துரத்தும் எதிரி என்று ஆய்வாளர்கள் தொட்டிக்குள் கொண்டுவரப் பாடுபடுவது எல்லாம் அங்கே சும்மா கிடைக்கிறது. மணல் அடைத்து வாய் மூடினால் அந்த வரத்து நிற்கும், குப்பத்து வலையில் அது தெரியும். குஞ்சு வாங்கும் காசில் முதல் பங்கு அந்த மணலுக்குப் போகட்டும்.

அதற்குப் பிறகும் விடத்தான் வேண்டும் என்றால், இரண்டு கூட்டமாக விடுங்கள்: வெறும் தொட்டியில் வளர்ந்தது ஒன்று, நெரிசல் குறைத்து, உயிர் இரை கொடுத்து, கடைசிச் சில வாரம் ஏரியிலேயே வலைத்தடுப்பில் பழக்கியது ஒன்று. துடுப்பு நுனியை ஒன்றுக்கு இடப்பக்கம், மற்றதுக்கு வலப்பக்கம் நறுக்கி அடையாளம் வையுங்கள். எண்ணுவதற்கு ஆள் தேட வேண்டாம். பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பது சுழற்சி முறையில் ஊரே முடிவு செய்வது. பாட்டில் இறால்தான் குறி என்றாலும் மீனும் விழும். எந்த இடம், எந்த நாள், யார் முறை என்பது முன்கூட்டியே தெரிந்த இப்படி ஒரு மாதிரியெடுப்பு ஏற்பாட்டை ஆய்வகத்தில் உட்கார்ந்து வடிவமைக்க வருஷம் ஆகும். வலை கட்டுபவருக்கு ஒரு துடுப்புக்கு இவ்வளவு என்று கொடுத்தால், ஆறு மாதத்தில் கணக்கு கைக்கு வந்துவிடும்.