வினாத்தாளுக்குள் இருக்கும் வெள்ளையர்

மனச்சோர்வை அளக்க அமெரிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் இருபது வாக்கிய வினாத்தாள் ஒன்று 1977இல் வெளியானது. கடந்த வாரத்தில் தூக்கம் வந்ததா, பசி எடுத்ததா, அழுதீர்களா என்று போகிற அந்தப் பட்டியலில் இரண்டு வாக்கியங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. மற்றவர்கள் சிநேகமாக நடந்துகொள்ளவில்லை என்பது ஒன்று. என்னைப் பிறருக்குப் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. 'அடிக்கடி' என்று பதில் சொன்னால் மதிப்பெண் ஏறும், நோய்க்குப் பக்கத்தில் போய்விடுவீர்கள்.

நியூ ஹேவன் நகர முதியவர்களின் பதில்களை 2000இல் வெளியான ஆய்வொன்று பிரித்துப் பார்த்தது. ஒரே அளவு சோர்வுள்ள கறுப்பரையும் வெள்ளையரையும் அருகருகே வைத்தால், குறிப்பாக இந்த இரண்டு வாக்கியங்களில் கறுப்பு முதியவர்கள் கூடுதலாக 'ஆம்' என்கிறார்கள். அளவுகோலின் பிழை என்று திருத்திவிட்டுப் போகலாம்தான். ஆனால் இதை ஒரு பிரதியாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. தெருவும் கடையும் அலுவலகமும் தன்னைச் சிநேகமாகவே வரவேற்கும் என்று நம்புகிற ஒருவரைத்தான் இப்பிரதி தன் வாசகராகக் கற்பனை பண்ணி வைத்திருக்கிறது. அவர் 'யாரும் சிநேகமா இல்லே' என்றால் அது அவர் மனசின் கோளாறு. 1910களில் தென்மாநிலமொன்றில் பிறந்து, தனிப் பள்ளி, தனி இருக்கை என்று வளர்ந்து வடக்கே குடிபெயர்ந்த கறுப்பு மூதாட்டி அதையே சொன்னால் அது சாட்சியம். சாட்சியத்தை நோய்க்குறியாக்கும் வேலை பழையதுதான். அடிமைகள் தப்பி ஓடுவதற்கே 1851இல் ஒரு மனநோய்ப் பெயர் சூட்டினார் கார்ட்ரைட் என்ற மருத்துவர்.

நேரெதிரான வாசிப்பும் உண்டு, அதுவும் ஆபத்தானது. ஒடுக்கப்பட்டவர் தன்னையே வெறுப்பார் என்ற கார்டினர்–ஓவ்ஸியின் 1951ஆம் ஆண்டு முடிவு பிறகு கவிழ்ந்தது. பல ஆய்வுகளை 2000இல் தொகுத்துப் பார்த்த கிரே–லிட்டிலும் ஹாஃப்டாலும் கறுப்பரின் தன்மதிப்பு வெள்ளையருடையதைவிடச் சற்று உயர்வாகவே இருக்கக் கண்டார்கள். ஜேம்ஸ் ஜாக்சன் தலைமையில் 2001–03இல் வயதுவந்தோரிடம் நடந்த தேசிய ஆய்விலும், வாழ்நாளில் ஒருமுறையாவது பெரும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் வெள்ளையரில் 17.9 விழுக்காடு, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 10.4 விழுக்காடு. உடனே பாராட்டு கிளம்பிவிடுகிறது: அவங்க தாங்கிக்குவாங்க, தேவாலயம் இருக்கு, சொந்தபந்தம் இருக்கு! இந்தப் பாராட்டின் நிழலில் அரசு தப்பித்துக்கொள்கிறது. அதே ஆய்வின் மறுபாதியைப் பாருங்கள். வந்த நோய் நீடிப்பது வெள்ளையரில் 38.6 விழுக்காடு என்றால் ஆப்பிரிக்க அமெரிக்கரில் 56.5. கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கரில் பாதிப்பேருக்குக்கூடச் சிகிச்சை கிடைக்கவில்லை. தாங்கிக்கொள்வதாகச் சொல்லப்படுகிறவரை யார் வந்து கவனிப்பார்கள்?

முதுமையில் இந்தப் பாராட்டும் உடைகிறது. 1986 முதல் 2002 வரை ஒரே மனிதர்களைத் தொடர்ந்து பேட்டி கண்ட தரவுகளை வைத்து 2010இல் வெளியான கட்டுரைப்படி, நடுவயதுவரை இரு இனத்தாரின் தன்மதிப்பும் ஒன்றாகவே போகிறது. அதற்குமேல் கறுப்பருடையது செங்குத்தாக இறங்குகிறது. முதுமையில் பொதுவாக நேரும் இறக்கத்துக்கு உடல்நலத்தையும் பொருளாதார நிலையையும் அக்கட்டுரை காரணம் காட்டுகிறது. அங்கிருந்து இன்னொரு அடி வைக்கணும். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலைக்காரர்களையும் முதியோர் ஓய்வூதியத்துக்கு வெளியே நிறுத்தியது. தெற்கில் கறுப்பர்களுக்குப் பெரும்பாலும் வாய்த்தது அந்த இரண்டு வேலைகள்தான். 1950இலும் 1954இலும் வந்த திருத்தங்களில்தான் கதவு திறந்தது. 1986இல் முதியவர்களாகப் பேட்டி தந்தவர்களின் உழைக்கும் வயது இந்தக் கதவுக்கு வெளியேதான் தொடங்கியது.

இந்தத் தன்மதிப்பை 'சுயமரியாதை' என்று என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. நம்முடைய அந்தச் சொல்லுக்கு எதிரில் எப்போதும் ஒரு ஆதிக்கம் நிற்கிறது. இந்த அளவுகோலின் எதிரில் ஒரு கண்ணாடி மட்டுமே. முதியவரின் மனதை வாசிக்க வருகிற விமர்சனம் வினாத்தாளோடு ஓய்வூதியச் சட்டத்தையும் சேர்த்து வாசிக்கட்டும். இரண்டுமே அவரைப் பற்றி, அவரைக் கேட்காமல் எழுதப்பட்டவை.