சிரிக்க வைத்த பூதங்கள்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, ராம்சே சகோதரர்களின் பேய்ப் படங்களைப் பற்றி எழுதட்டுமா என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "போன தடவை சிலப்பதிகாரம் எழுதினீங்களே சார்..." என்று இழுத்தார். சிலப்பதிகாரத்தைப் பற்றி எழுத நம்மிடையே ஆளுக்குப் பஞ்சமில்லை. இந்த ஊரில் நாற்பது வருஷம் குப்பை கொட்டியும், இந்த ஊர் தந்த பூதங்களைப் பற்றி எழுத ஒருவரும் இல்லை. அதனால் துணிந்துவிட்டேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

1986. செம்பூரில் ஒரு சால். பத்துக்குப் பன்னிரண்டு அறை, வாசலில் எல்லோருக்கும் பொதுவான நீள வராந்தா. வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குத் தெரிந்த இந்தி "கித்னா", "நஹீ", "பானி ஆயா" இவ்வளவுதான். அடுத்த அறை மராட்டி அம்மாளைப் பார்த்தால் சிரிப்பாள், அவளும் சிரிப்பாள், கதவு சாத்திக்கொள்ளும். தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் மாடுங்கா அரோரா தியேட்டருக்குப் போகணும். அதற்கு அப்பாவுக்கு லீவு கிடைக்கணும்.

ஒரு சனிக்கிழமை சாலில் எல்லோரும் காசு போட்டு வி.சி.ஆர். வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு ராத்திரிக்கு மூன்று கேசட். மூன்றாவதாக, நள்ளிரவுக்குப் பிறகு போட்டது 'புரானா மந்திர்'. பெரியவர்களுக்கான படம் என்பதால் பிள்ளைகளைத் தூங்கச் சொன்னார்கள். நாங்களும் போர்வை ஓட்டை வழியாகத் தூங்கினோம்.

சாம்ரி என்ற அரக்கன் வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், செக்கச் சிவந்த கண். நான் போர்வையைக் கடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா சத்தமாகச் சொன்னாள்: "அட, இது நம்ம விட்டலாச்சார்யா படமாட்டம்ல இருக்கு!"

மராட்டி அம்மாள் திரும்பி "காய்?" என்றாள். அம்மா எழுந்து நின்று, கையாலும் காலாலும் 'ஜகன்மோகினி' கதையை நடித்துக் காட்டினாள். விறகு இல்லையென்று பேய் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரிக்கும் காட்சி நம்மில் யாருக்குத்தான் மறக்கும்? மராட்டி அம்மாளுக்குப் புரிந்தபோது "சுலீத் பாய்!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள். அடுப்பில் கால் என்று அர்த்தம். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவள் "தாயீ". மராட்டியில் அது அக்கா, எங்கள் ஊரில் அது அம்மா. இரண்டுக்கும் பொருந்தியது.

மொழி தெரியாத ஒருத்திக்கு முதலில் விளங்கிய இந்திப் படம் இப்படி ஒரு பேய்ப் படமாக இருந்தது தற்செயல் இல்லை என்று பிற்பாடு இந்தப் படங்களைத் தேடிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. கதவு கிரீச்சிடுவதற்கு வசனம் வேண்டாம். சூலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தால் வம்பு என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அமிதாப் படத்தில் வசனம் புரியாவிட்டால் பாதிப் படம் போச்சு. சாம்ரி விஷயத்தில் அந்தக் கவலையே கிடையாது.

அதை எடுத்தவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான். பிரிவினையின்போது இந்தப் பக்கம் வந்த சிந்தி வியாபாரி ஃபதேசந்த் ராம்சே. ராம்சிங்கானி என்ற பெயர் வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் வாயில் நுழையாததால் ராம்சே ஆனது என்பார்கள். பம்பாயில் ரேடியோ வியாபாரம் செய்தபடியே படமும் எடுத்தார். 1970-இல் 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' தோல்வி. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் கோரமான முகமூடி மாட்டிக்கொண்டு திருட வரும் ஒரு காட்சி. அந்தக் காட்சிக்காக மட்டும் ஜனங்கள் வருவதை மகன்கள் கவனித்தார்கள். முழுப் படத்தையும் அப்படியே எடுத்தால் என்ன? 1972-இல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' வந்தது.

அண்ணன் தம்பி ஏழு பேர். குமார் கதை எழுத, துளசியும் ஷ்யாமும் இயக்க, கங்கு காமிரா பிடிக்க, கிரண் ஒலி, அர்ஜுன் எடிட்டிங், கேசுவும் கூட நின்று வேலை பார்க்க, வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டூடியோ. மகாபலேஷ்வரில் விடுதியில் தங்கி, அங்கேயே படம்பிடித்து, வீட்டுப் பெண்கள் சமைத்துப்போட, சில லட்சத்தில் முடித்த படம் அது. நட்சத்திர நடிகர் இல்லை, செட் போடும் செலவு இல்லை. பழைய பங்களா, புகை, பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, ஒரு ரப்பர் முகமூடி. நம்ம வீட்டில் கல்யாணத்துக்குச் சித்தப்பா பந்தலும் மாமா பந்தியும் பார்த்துக்கொள்வதுபோலத்தான். சில இடத்தில் சாம்பாரில் உப்பு குறையும். யாரும் எழுந்து போவதில்லை.

சாம்ரியாக நடித்த அனிருத் அகர்வால் ரூர்க்கியில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். 1994-இல் 'பேண்டிட் குவீன்' படத்தில் பாபு குஜ்ஜராக வந்து முகமூடி இல்லாமலே நடுங்க வைத்தார். 'புரானா மந்திர்' படத்தில் அவர் நிஜமாகவே மிரட்டுகிறார். ஆனால் அவர் மறைந்த அடுத்த நிமிஷம் ஜக்தீப் 'ஷோலே' கப்பரைக் கிண்டல் பண்ணிக்கொண்டு வந்துவிடுவார். விமர்சகர்கள் இதை ஒட்டாத நகைச்சுவை என்று குறை சொல்வதுண்டு. எனக்கென்னவோ அந்தச் சிரிப்பு இல்லாமல் அந்தப் பயத்தைத் தாங்க முடியாது என்றே படுகிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் எதற்காக நடுநடுவே வருகிறான்?

விட்டலாச்சார்யாவுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். உடுப்பிப் பக்கத்தில் பிறந்து தெலுங்கில் கோலோச்சியவர். நடிகர் கால்ஷீட்டில் தகராறு செய்தால், அந்தப் பாத்திரத்தை முனிவர் சாபத்தால் ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டுப் படத்தை முடித்துவிடுவார் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, காசில்லாதவனின் கற்பனை எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அமெரிக்காவிலும் இதே கதைதான். ரோஜர் கார்மன் 1960-இல் மனிதரைத் தின்னும் பேசும் செடியை வைத்து 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' எடுத்தார். பெரும்பகுதி இரண்டே நாளில். இன்னொரு படத்துக்கு அவர் செய்த பூதம் கதாநாயகியைவிடக் குள்ளமாக இருக்க, அந்தம்மா அதை ஓர் உதை விட்டாராம்.

இந்தப் படங்களில் பூதத்தின் தையல் நம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதால்தான் நமக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது. பாதியை அவர்கள் செய்கிறார்கள், மீதியை நாம் நம்பிக் கொடுக்கிறோம். 2009-இல் நமீதாவை வைத்து 'ஜகன்மோகினி'யைத் தமிழில் மறுபடி எடுத்தார்கள், கம்ப்யூட்டர் வேலைகளோடு. அம்மா பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அவனே செஞ்சிட்டான், நமக்கு ஒண்ணும் மிச்சமில்ல" என்றாள். ஒரு விமர்சகரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ராம்சே படங்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். தேவையில்லாத குளியல் காட்சிகளும், பெண்ணைத் துரத்துவதையே காட்சியாக நீட்டுவதும் இன்று மகளோடு உட்கார்ந்து பார்க்கக் கூச வைக்கின்றன. அன்றும் கூசியிருக்க வேண்டும். 'சும்மா தமாஷ்' என்று சொல்லி அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. சாம்ரியின் சாபம் என்ன தெரியுமா? அந்த ராஜ வம்சத்தின் பெண்கள் எல்லாரும் பிரசவத்தில் சாவார்கள் என்பது. அந்தக் காட்சி வந்தபோது அதுவரை கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று அடங்கிவிட்டாள். பெரியம்மா, அவளுடைய அக்கா, தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவள். அவளுக்காக வைத்த சுமைதாங்கிக் கல் ஊர் எல்லையில் இருக்கிறது. தாயீ ஏன் என்று கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மீதிப் படத்தைப் பார்த்தாள். அவள் வீட்டிலும் அப்படி யாராவது இருந்திருக்கலாம். பக்கத்து அறைப் பெண்கள் இருவர், மூன்று வருஷம் வெறுமனே சிரித்துக் கதவு சாத்தியவர்கள், ஒரு ரப்பர் முகமூடியின் முன்னால் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நேராகச் சோகப் படம் போட்டிருந்தால் அம்மா எழுந்து போயிருப்பாள். அது எனக்குத் தெரியும்.

1993-இல் ராம்சேக்கள் ஜீ டி.வி.க்குப் போனார்கள். துளசி 2018-லும் ஷ்யாம் 2019-லும் காலமானார்கள். எங்கள் சாலும் இடிபட்டு, இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போனோம். தாயீ மகனோடு சாத்தாராவில்.

போன தீபாவளி லீவில் என் மகள் கம்ப்யூட்டரில் 'புரானா மந்திர்' போட்டாள். "அப்பா, இதுக்கா பயந்தீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாம்ரியை நன்றாகப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துத் தரச் சொன்னாள். சாத்தாராவில் மணி அடித்தது. அம்மா பெயர்கூடச் சொல்லவில்லை. "சுலீத் பாய்" என்றாள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துச் சிரிப்பு ஹாலில் இருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்டது.