பெயர்த்து நட்ட காற்றாடிகள்

வோலிஸ் சிம்சன் என்பவர் பழைய இரும்பில் செய்த பிரமாண்டக் காற்றாடிகள் காப்பாற்றப்பட்டுவிட்டன என்று எல்லோரும் சொல்கிறார்கள். வட கரோலினாவின் வில்சன் நகரில் 2017-இல் அவற்றுக்கென்றே ஒரு பூங்கா திறந்தார்கள். அதிலிருந்து, சாலையோரக் கலையைப் பேணுவது பற்றிப் பேச்சு எழுந்தால் அந்தப் பூங்காவையே முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பூங்காவின் பக்கமும் நியாயம் உண்டு. முன்பு லூக்காமா என்ற ஊரில் சிம்சனின் நிலத்தில் நின்றவரை அவை துருவேறிக்கொண்டுதான் இருந்தன. தொண்ணூறு வயதில் ஐம்பதடி ஏறி எண்ணெய் விட யாரால் முடியும்? இடம் மாற்ற அவரே சம்மதித்தார். புகையிலை வணிகம் படுத்துப்போன வில்சனுக்கு இப்போது ஆள் வருகிறது. இதையெல்லாம் மறுக்கவில்லை.

ஆனால் காப்பாற்றியது எதை? இரும்பை மட்டும்தான். பண்ணை இயந்திரங்களைப் பழுது பார்த்தும், வீடுகளை அப்படியே பெயர்த்து நகர்த்தியும் பிழைத்தவர் சிம்சன். ஓய்வுபெற்ற பிறகு, பட்டறையை ஒட்டிய வெளியில், நாட்டுப்புறச் சாலைகள் கூடும் முக்கில் இவற்றை நட்டார். சைக்கிள் பாகங்கள், மின்விசிறி இறக்கைகள், பழைய குழாய்கள் என்று கிடைத்ததெல்லாம் உள்ளே போயின. நெடுஞ்சாலைப் பலகைகளை வெட்டி, ஒளியைத் திருப்பியடிக்கும் துண்டுகளை உடம்பெல்லாம் பதித்தார். தெருவிளக்கில்லாத சாலையில் கார் ஒன்று திரும்பினால், அதன் முகப்பு விளக்கு பட்டு இருட்டுக்குள் ஒரு கூட்டமே எரிந்து சுழலும். வெளிச்சம் வழிப்போக்கனுடையது, சுழற்சி காற்றினுடையது. இரண்டும் எப்போது வரும் என்பது செய்தவர் கையில் இல்லை. அந்தக் கலையின் உயிரே அதுதான்.

பூங்காவில் வெளிச்சத்துக்கு மின்விளக்கு வைத்திருக்கிறார்கள். புல்வெளியும் இருக்கைகளும் இருக்கின்றன. பார்க்கவென்றே கிளம்பி வருகிறவர்கள் பார்க்கிறார்கள். எதிர்பாராமல் மாட்டிக்கொள்கிறவன் இனி இல்லை.

சாய விஷயம் இன்னும் மோசம். ஒவ்வொன்றையும் கழற்றி, துருவை நீக்கி, பழைய நிறத்தைத் தேடிப் பிடித்துப் புதிதாகப் பூசி, தேய்ந்த பேரிங்குகளை மாற்றி நிறுத்தினார்கள். வேலை சுத்தம், அக்கறையும் உண்மை. ஆனால் இன்று நம் கண்ணில் படும் மேற்பரப்பு சிம்சன் கை பூசியதல்ல. வெளியில் நிற்கும் இரும்புக்குப் பூச்சு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், அவரும் பூசியவர்தான். அவர் பூசியது வேலையின் தொடர்ச்சி. இவர்கள் பூசியது வேலை முடிந்துவிட்டது என்பதற்கான முத்திரை. பல ஆண்டு வெயிலும் மழையும் அவர் கையும் சேர்ந்து உண்டாக்கிய தோற்றத்தை அழித்துவிட்டு, புத்தம்புதுப் பொருளைக் காட்டி அதையே மூலம் என்கிறார்கள். மாநிலத்தின் அதிகாரபூர்வ நாட்டார் கலை என்று 2013-இல் சட்டமன்றம் அறிவித்த ஒன்றுக்கு இதுவா கதி?

அந்த முக்கிலேயே நிலத்தை வாங்கி, பட்டறையைத் திறந்து வைத்து, உள்ளூர் வெல்டர்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம். ஆனால் நகரத்துக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. அதனால் காற்றாடிகள் நகரத்துக்குப் போயின. கலையைப் பேணுவதென்பது அதற்குப் பிறகு கண்டுபிடித்த காரணமாகவே எனக்குப் படுகிறது.

இன்னும் சாலையோரத்திலேயே இருப்பவற்றுக்காவது இந்தக் கதி வேண்டாம். வட டகோட்டாவில் கேரி கிரெஃப் என்பவர் 1989-இல் தொடங்கிய இரும்புச் சிற்பங்கள் கிளாட்ஸ்டனுக்கும் ரீஜன்ட்டுக்கும் இடையே சுமார் 51 கிலோமீட்டர்ச் சாலையோரத்தில் நிற்கின்றன. அவற்றுக்குச் செலவிட நினைப்பவர்கள் சாயத்தையும் வெல்டரையும் அந்தச் சாலைக்கே அனுப்பட்டும். கிரேனை அனுப்ப வேண்டாம்.