தயார் செய்த சிரிப்பு

ஹாஸ்யம் என்றால் வாயில் வந்தது வந்தபடி இருக்க வேண்டும், எழுதி வைத்துக்கொண்டு சிரிக்க வைப்பவன் ஒரு மாதிரி ஏமாற்றுக்காரன்தான் என்று ரஸிகர்களில் பலர் நினைக்கிறார்கள். மேடையில் தன்னந்தனியாக நின்று பேசும் 'ஸ்டாண்ட்-அப்' கலையைப் பற்றி இந்த எண்ணம் இன்னும் பலமாக இருக்கிறது. நேற்று ராத்திரியும் இதே வேடிக்கையை, இதே இடத்தில் தயங்கி, இதே மாதிரி தலையைச் சொறிந்துகொண்டுதான் சொன்னார் என்று தெரிந்துவிட்டால் போதும். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இது நியாயந்தானா?

அமெரிக்காவில் பிலிஸ் டில்லர் என்ற அம்மாள் 1955-ல், தமது 37-ஆவது வயதில், ஸான்பிரான்ஸிஸ்கோவிலுள்ள 'பர்ப்பிள் ஆனியன்' விடுதியில் மேடையேறினார். தம் ஹாஸ்யங்களை அட்டைகளில் டைப் அடித்து, விஷயவாரியாகப் பிரித்து, இரும்பு அலமாரியின் இழுப்பறைகளில் சேர்த்து வந்தார். 2003-ல் அந்த அலமாரி ஸ்மித்ஸோனியன் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அட்டைகள் 50,000-க்கு மேல்! மேடையில் பார்த்தவர்களுக்கோ, கலைந்த தலையும் வெடிச்சிரிப்புமாக, அடுப்பங்கரையிலிருந்து நேரே ஓடிவந்து புருஷனைப் பற்றி அங்கலாய்க்கிற பெண்ணாகவே அவர் தோன்றினார். 'ஃபாங்' என்ற அந்தப் புருஷனும் கற்பனைதான்.

லென்னி புரூஸ் இதற்கு நேர் எதிர். ஜாஸ் வாத்தியக்காரன் வாசிப்பதுபோல் பேசுகிறவர் என்று பெயர் வாங்கியவர். 1961 பிப்ரவரியில், நியூயார்க் பனிப்புயலில் ஸ்தம்பித்துக் கிடந்த ஒரு நள்ளிரவில், கார்னகி ஹாலில் அவர் பேசியது இசைத்தட்டாக இருக்கிறது. ஒன்றை ஆரம்பித்து, நடுவில் வேறொன்றுக்குத் தாவி, அதிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார். கேட்கிறவனுக்கு, மனசு ஓடுவதையே பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது.

1964-ல் அவர் ஆபாசமாகப் பேசினார் என்று நியூயார்க்கில் வழக்கு நடந்தது. விடுதியில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், அந்தப் பேச்சைக் கோர்ட்டில் சொல்லிக் காட்டினார். இந்த மனிதர் சொல்லுகிற லட்சணத்தை வைத்தா என்னைத் தீர்மானிப்பது என்று புரூஸுக்கு ஆத்திரம். தண்டனை கிடைத்தது. 2003-ல்தான், இறந்து 37 வருஷங்களுக்குப் பிறகு, கவர்னர் மன்னிப்பு வழங்கினார். என்னைக் கேட்டால் தண்டனையையும் மன்னிப்பையும்விட அந்த ஆத்திரந்தான் முக்கியமானது. பேச்சின் வார்த்தைகள் கோர்ட்டுக்கு வந்தன, ஹாஸ்யம் வரவில்லை. ஆகவே ஹாஸ்யத்தின் உயிர் வார்த்தை என்றைக்குப் பிறந்தது என்பதில் இல்லை. சொல்லுகிற நிமிஷத்தில் இருக்கிறது.

கடைசி வருஷங்களில் புரூஸ் தம் வழக்கின் தஸ்தாவேஜுகளை மேடையிலேயே படித்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவர்களை அவர் மறந்துபோனார் என்றே எனக்குப் படுகிறது. 50,000 அட்டை வைத்திருந்த அம்மாளோ எதிரே இருந்தவர்களை மறக்கவே இல்லை.

கதை எழுதுகிறவன் ஒரு வாக்கியத்தை ஐந்து தடவை அடித்துத் திருத்துகிறான். அது சரியாக அமைந்துவிட்டால், "எவ்வளவு இயல்பாக இருக்கிறது!" என்கிறார்கள் வாசகர்கள். யாரும் கைப்பிரதியைக் காட்டு என்று கேட்பதில்லை. மேடைக்காரனுக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்கலாம். இதை எப்போது தயார் செய்தாய் என்று அவனைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. இன்று ராத்திரி எங்களோடுதான் பேசுகிறாயா என்று கேட்க உரிமை உண்டு. அதற்கு ஆமாம் என்று பதில் சொல்ல முடியாதவன், எழுதி வைத்துக்கொண்டு வந்தாலென்ன, வெறுங்கையோடு வந்தாலென்ன?