நிலம் உண்டு, பொழுது இல்லை

சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறந்ததிலிருந்து, கொச்சியில் காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலரிடம் ஒரு பொழுதுபோக்கு சூடு பிடித்திருக்கிறது. யாரும் கட்டப்போகாத ஒரு தீம் பார்க்கை ஓட்டல்கள், ஏரி, மோனோரயில் சகிதம் முழு ரிசார்ட்டாகக் கற்பனை செய்து வரைகிறார்கள். அமெரிக்காவின் டிஸ்னி ரசிகர்கள் பல காலமாகச் செய்துவருவதுதான். இங்கே அதற்குத் தமிழ் உருவம் கிடைத்திருக்கிறது: நடுவில் முசிறித் துறைமுகம், சுற்றிலும் ஐந்திணைக்கு ஐந்து உலகங்கள். மழைக்கு எங்கே ஒதுங்குவது, வரிசை எங்கே நிற்கும் என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது. கற்பனைக்கு எல்லை போடாதீர்கள், அதையெல்லாம் பொறியாளர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். இந்தக் கலையைப் புரிந்துகொள்ளாதவர்கள் சொல்லும் பதில் அது.

இந்தப் பொழுதுபோக்கின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஒரு மரம்கூட வெட்டப்படுவதில்லை; ஒரு சதுப்பு நிலமும் நிரவப்படுவதில்லை. அளவுகோல் வைத்து வரையவும், ஒரு கதையை இடமாக மாற்றிப் பார்க்கவும் பழகுகிறார்கள். வேலை முடிந்த களைப்பிலும் ராத்திரி உட்கார்ந்து சங்க இலக்கியம் புரட்டுகிறார்கள் என்பதே பெரிய விஷயம். உழைப்பில் குறையில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அண்மையில் பார்த்த ஒரு வரைபடத்தையே எடுத்துக்கொள்கிறேன். கடம்பிரயாற்றை ஒட்டி அமைந்த பூங்கா. குறிஞ்சியில் மலையைச் சுற்றி இறங்கும் ரோலர் கோஸ்டர், நெய்தலில் கட்டுமரச் சவாரி, மருதத்தில் வயல் நடுவே உணவகம், முல்லையில் ஏறுதழுவல் அரங்கு, பாலையில் மணல்மேடும் ஒட்டகமும். ஒவ்வொரு திணைக்கும் ஒரு ஓட்டல். வண்ணம் அழகு, எழுத்து அழகு. முழுவதும் வானத்திலிருந்து பார்த்து வரைந்தது. எந்தக் கட்டடத்துக்கும் நிழல் கிடையாது. அங்கே மணி என்ன, மாதம் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைப்பவர்கள் அதைப் பாதியில் விடக்கூடாது. முதற்பொருள் என்று அது சொல்வது இரண்டை: நிலமும் பொழுதும். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும், மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு. பொழுதை எடுத்துவிட்டால் முல்லை வெறும் காடு. கார் வந்தும் தலைவன் வரவில்லையே என்ற தவிப்பு அங்கே பிறக்காது. பாலையில் இந்தத் தவறு இன்னும் வெளிப்படை. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் காய்ந்து தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதாவது பாலை என்பதே காலம் செய்யும் வேலை. அதற்கு மேற்கு மூலையில் தனி மனை ஒதுக்கி ஒட்டகம் கட்டியவர், ஐந்திணையிலிருந்து ஐந்து பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இது இலக்கணத் தகராறு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். தீம் பார்க் என்பது நேரத்தால் ஆன கலை. காலையில் உள்ளே நுழைந்த குடும்பம் இரவு வெளியே வரும்வரை எதை முதலில் பார்க்கிறது, எங்கே காத்திருக்கிறது, எப்போது கால் வலிக்கிறது, எந்தத் திருப்பத்தில் குழந்தை வியக்கிறது என்பதுதான் அங்கே வடிவமைக்கப்படும் பொருள். ரிசார்ட் என்றால் ராத்திரியும் சேர்ந்துகொள்கிறது. பகல்நேரப் பூங்காவுக்குக் கிடைக்காத யாமமும் வைகறையும் இந்த இளைஞர்கள் கையில் இருந்தன. விளக்கணைத்த குறிஞ்சிச் சரிவில் நள்ளிரவு நடை, விடியுமுன் மருதத்து ஓட்டலின் முற்றத்தில் பறவைச் சத்தம் என்று எவ்வளவோ செய்திருக்கலாம். ஐந்து ஓட்டல்களையும் வரைந்துவிட்டு, அறைகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

மழையைப் பற்றிக் கேட்டால் கோபம் வருகிறது. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம், அதுவும் பெரும்பாலும் மதியத்துக்குமேல் இடியோடு. மின்னல் வெட்டினால் உயரமான கோஸ்டரை நிறுத்தித்தான் ஆகவேண்டும். அப்போது அந்த வரிசை எங்கே போகும்? இந்தக் கேள்வி கற்பனையை முடக்கும் என்பவர்கள் 1983இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலாந்தைப் பார்க்கட்டும். கலிஃபோர்னியாவில் திறந்த தெருவாக இருந்த நுழைவாயில் கடைவீதி, டோக்கியோவின் மழைக்கும் குளிருக்கும் அஞ்சி அங்கே கண்ணாடிக் கூரை பெற்றது. 1992இல் பாரிஸில் அதே வீதியின் இருபுறமும் மூடிய நடைக்கூடங்கள் வந்தன. மூன்று ஊர், மூன்று வானிலை, மூன்று வடிவம். ஒரே பூங்காவை மூன்றாக்கியது வானம். நம் வரைபடமோ கொச்சியில் இருந்தாலும் ஜோத்பூரில் இருந்தாலும் ஒன்றுதான்.

காத்திருப்பதும் அப்படித்தான். 1969இல் கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தில் திறந்த ‘ஹான்டட் மேன்ஷன்’ என்ற பேய்வீட்டுச் சவாரியில், பார்வையாளர்கள் நிற்கும் அறை மேல்நோக்கி நீண்டுகொண்டே போவதுபோல் தோன்றும். அந்த மாயத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு நெருக்கடி. சவாரி நடக்கும் பெரிய கட்டடம் பூங்காவைச் சுற்றிய ரயில்பாதைக்கு அப்பால் இருந்தது. மக்களைக் கீழே இறக்கி, தண்டவாளத்துக்கு அடியில் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். அறை நீள்வதுபோலக் காட்டியபடியே அவர்களைக் கீழே இறக்கினார்கள். தடையும் காத்திருப்பும் சேர்ந்து பெற்ற குழந்தை அது. தடையே இல்லாத தாளில் இப்படி ஒன்று பிறக்க வழியில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். காக்கநாட்டிலேயே நவோதயா ஸ்டுடியோ இருக்கிறது. 1984இல் வந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்தில் பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் நடந்து, மறுபுறம் இறங்குவார்கள். கலை இயக்குநர் கே. சேகர் ஒரு முழு அறையையே இரும்புச் சட்டத்துக்குள் பொருத்திச் சுழலவைத்தார். கேமராவும் அறையோடு சேர்ந்து சுழன்றது. இருபக்கமும் ஆட்கள் நின்று கையால் சுழற்றினார்கள். பிள்ளை அடியெடுத்து வைக்கும் வேகமும் அறை திரும்பும் வேகமும் ஒத்துப்போனால்தான் மாயம். சற்றுப் பிசகினால் பிள்ளை விழும். அறையின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு சாதாரண அறைதான். அற்புதம் முழுவதும் அது சுழன்ற நேரத்தில் இருந்தது. அந்த நவோதயாவின் அப்பச்சன்தான் 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவைத் தொடங்கினார். இந்த ஊரில் உட்கார்ந்து பூங்கா வரைபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

பொழுதை விட்டால் உழைப்பவரும் விடுபடுகிறார். ராட்டினம் தேயும், போல்ட் தளரும், காலையில் கதவு திறக்குமுன் யாராவது ஏறிச் சோதிக்க வேண்டும். 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போது ஒரு ராட்டினம் முறிந்து விழுந்து ஊழியர் ஒருவர் இறந்தார். பூங்காவில் பார்வையாளர் காணாத ஒரு பொழுது உண்டு, அதில் உயிரைப் பணயம் வைப்பவர்கள் உண்டு என்பதற்கு அது சாட்சி. குப்பையும் நாளுக்கு நாள் சேரும். கொச்சியின் பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் குப்பைமேடு தீப்பிடித்து, பத்து நாளுக்கும் மேலாகப் புகையை மூச்சில் இழுத்த ஊர் இது. அதே ஊரில் வரைந்த ஆயிரம் அறை ரிசார்ட்டில் குப்பைக்கு ஓர் அங்குலம்கூட ஒதுக்கவில்லை என்றால், வரைந்தவர் இந்த ஊரில் வாழவே இல்லை என்றுதான் சொல்வேன்.

விளையாட்டுக்கு வரைவதில் இவ்வளவு எதற்கு என்பார்கள். 1999இல் கிறிஸ் சாயர் எழுதிய ‘ரோலர்கோஸ்டர் டைகூன்’ என்ற கணினி விளையாட்டும் விளையாட்டுதானே? அதில் மழை பெய்யும். பெய்தால் மக்கள் குடை கேட்பார்கள். வரிசை நீண்டால் முகம் சுளிப்பார்கள். பெரிய கோஸ்டரில் இறங்கியவர் நடைபாதையில் வாந்தியெடுப்பார், துப்புரவுப் பணியாளர் வந்து துடைக்க வேண்டும். ராட்டினம் பழுதாகும், மெக்கானிக் ஓடிவருவார். இத்தனையும் இருந்ததால்தான் அது அலுக்காமல் இருந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் பொறுப்போடு விளையாடியதை, வளர்ந்தவர்கள் பொறுப்பில்லாமல் வரைகிறார்கள்.

காக்கநாட்டை உள்ளடக்கிய திருக்காக்கரையில், ஓணத்தின்போது அத்தம் தொடங்கித் திருவோணம்வரை வாசல்தோறும் பூக்களம் என்னும் பூக்கோலம் வளர்கிறது. நாளாக நாளாக வட்டமும் பெருகும். முந்தினநாள் பூ வாடும் என்று தெரிந்தே போடுகிறார்கள். நிலத்தையும் பொழுதையும் சேர்த்து வடிவமைக்கும் அறிவு இந்த மண்ணில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதை யாரும் பொறியாளரிடம் ஒப்படைக்கவில்லை.

வரைவதை நிறுத்தச் சொல்லவில்லை. வான்பார்வைப் படத்தைக் கடைசியில் போடுங்கள் என்கிறேன். முதல் தாளில் ஆனி மாதத்து ஒரு பிற்பகலை எழுதட்டும்: மணி மூன்று, கனமழை, கோஸ்டர் நின்றுவிட்டது, பாட்டிக்குக் கால் வலி, கைக்குழந்தை அழுகிறது, துடைப்பத்தோடு ஒரு பெண் நடைபாதையில் நிற்கிறாள். அந்த ஒரு மணி நேரத்தை மகிழ்ச்சியாக்கத் தெரிந்தவரே இந்தக் கலையில் வடிவமைப்பாளர். அது தெரியாதவர் எத்தனை திணை வரைந்தாலும், வரைந்தது பூங்கா ஆகாது.