பரிபாடலின் வான்படம்: பதினோராம் பாடலும் காலக்கணிப்பும்

வையையைப் பாடும் பரிபாடல் பதினோராம் பாடல், மழைக்கு முன்னர் வானத்தை விரிக்கிறது. நல்லந்துவனார் 27 நாள்மீன்களைக் கார்த்திகை, திருவாதிரை, பரணி ஆகியவற்றின் வழிப் பெயர்பெற்ற மூன்று வீதிகளாக வகுத்து, அவற்றுள் கோள்களை நிறுத்துகிறார். வெள்ளி இடபத்திலும் செவ்வாய் மேடத்திலும் புதன் மிதுனத்திலும் உள்ளன. வியாழன் சனியின் இரு வீடுகளையும் கடந்து மீனத்தில் நிற்க, சனி மகரத்தில் இருக்கிறது. விடியலில் கார்த்திகை உயர்ந்து நிற்கிறது. பாம்பு மதியை மறைக்கிறது. அகத்தியமீன் மிதுனத்தை அடைகிறது.

இக்குறிப்புகளைக் கணித்து எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 634 சூன் 17 என்னும் நாளைக் கண்டார். பரிபாடலைப் பிற்காலத்தது எனக் கொள்வார்க்கு இக்கணிப்பு வலுவான சான்றாயிற்று. ஆயினும் பாடல் கண்ணாற்கண்ட ஒரு வானத்தைச் சொல்கிறது என்னும் எடுகோள் மெய்ப்பிக்கப்படாமலே இக்கணிப்பு எழுந்தது.

முதற்சிக்கல் ஞாயிறு. பாடல் அதன் இராசியைக் கூறவில்லை. கார்த்திகை உயர்ந்து நிற்றலை உச்சியில் நிற்றலாகக் கொண்ட பரிமேலழகர், ஞாயிற்றைச் சிங்கத்தில் வைக்கிறார். புதன் ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 28 பாகைக்கு மேலும், வெள்ளி 48 பாகைக்கு மேலும் விலகுவதில்லை. சிங்கத்தின் தொடக்கத்திலேயே ஞாயிறு நின்றாலும் மிதுனத்தின் இறுதி 30 பாகை அப்பால். இடபத்தின் இறுதியோ 60 பாகை அப்பால். அவ்வாறான வானம் எந்நூற்றாண்டிலும் அமையாது. சுவாமிக்கண்ணுப் பிள்ளை காட்டும் நாளில் ஞாயிறு மிதுனத்தில் நிற்கிறது. அது எழும் வேளையில் கார்த்திகை கீழ்வானில் ஏறத்தாழப் பாதி உயரம் ஏறியிருக்கும். உயர்தல் என்னும் சொல்லுக்கு அதுவே போதும். ஆகவே அவருடைய நாள் மூலத்தோடு பொருந்துகிறது, உரையோடு பொருந்தவில்லை. உரையையும் மூலத்தையும் ஒருசேரச் சான்றாக்கும் கட்டுரைகள் இம்முரணைக் கவனிப்பதில்லை.

எனினும் உரையாசிரியரைக் கணக்கறியாதவர் என ஒதுக்குதல் பொருந்தாது. மகரத்திலிருந்து மிதுனம்வரை சனி, வியாழன், செவ்வாய், வெள்ளி, புதன் என ஐந்தும் தத்தம் ஆட்சி வீடுகளில், சோதிட நூல் வகுத்த வரிசை பிறழாமல் நிற்கின்றன. கோள்களின் நடைவேகம் கூடிச் செல்லும் வரிசையும் இதுவே. இந்த ஒழுங்கை நிறைவுசெய்யும் வீடு ஞாயிற்றுக்குச் சிங்கம். பரிமேலழகர் பாடலின் உள்ளிருக்கும் வரைபடத்தைச் சரியாகவே படித்திருக்கிறார். அந்த வரைபடம் வானத்தில் இயலாதது என்பதே வேறுபாடு. மதி மட்டும் தன் வீடாகிய கடகத்தில் இல்லை. மறைப்பு நிகழ வேண்டுமாயின் அது ஞாயிற்றுக்கு நேரெதிரில் நிற்றல் வேண்டும்.

ஐந்து கோள்களும் இவ்வாறு உண்மையிலேயே நின்ற நாள் இருந்திருக்கலாம். ஆனால் அதனைப் பாடலைக் கொண்டு மட்டும் துணிய இயலாது. சனியும் வியாழனும் ஏறத்தாழ 59 ஆண்டுகளுக்கு ஒருமுறை முந்தைய இராசிகளுக்கே திரும்புவதால் அவ்விரண்டும் ஒரு நூற்றாண்டைத் தெரிந்தெடுக்கப் போதா. எஞ்சிய கோள்களும் மதிமறைப்புமே நாளைச் சுருக்க வேண்டும். அவை வகுத்தமைத்த ஒழுங்கின் உறுப்புகளாயின் கணிப்புக்கு அடித்தளமே இல்லை.

அகத்தியமீன் பற்றிய குறிப்பு இவ்வையத்தை மிகுவிக்கிறது. அது நிலைமீன், கோளைப்போல் இராசி மாறுவதில்லை. சூரிய சித்தாந்தம் அதற்குத் தரும் இடம் மிதுனத்தின் இறுதி. பாடல் சொல்லும் இராசியும் அதுவே.