நிலவறையும் சக்கரவியூகமும்

உடப்பிலே திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பைக் காண்போர்க்குப் பாரதக் கதை புதிதன்று. வியூகத்துட் புகும் வழி அறிந்து, மீளும் வழி அறியாது மாண்ட அபிமன்யுவை அக்கரையோரத்துச் சிறுவரும் அறிவர். கணினியிலே ஆடப்பெறும் நிலவறை ஆட்டங்களை அளந்தறிதற்கு அக்கதை தக்கதோர் அளவுகோல்.

1981இல் வெளிவந்த ‘விசார்ட்ரி’யும், 1987இல் அற்றாரி எஸ்.ரி. கணினிக்கென வந்த ‘டன்ஜன் மாஸ்ர’ரும் இவ்வகைக்கு முன்னோடிகள். பின்லாந்தின் ‘ஓல்மோஸ்ற் ஹியூமன்’ குழுவினர் 2012இல் வெளியிட்ட ‘லெஜென்ட் ஒஃப் கிரிம்றொக்’ அப்பழைய மரபை வேண்டுமென்றே மீட்டெடுத்தது. மலையுச்சிக் குழியிலே நான்கு கைதிகள் தள்ளப்படுகின்றனர். தள்ளப்பட்ட கணமே அவர்தங் குற்றம் நீங்கும். அடிவாரத்து வாயிலை உயிருடன் அடையின் விடுதலை. ஆடுவோன் அவர்தங் கண்களாலேயே காண்கின்றான், கட்டங்கட்டமாகவே அடிவைக்கின்றான், திரும்பின் செங்கோணமாகவே திரும்புகின்றான். தீவட்டி எரிந்து தேய்கின்றது, பசியும் வருத்துகின்றது.

இக்கட்டுப்பாட்டைப் பழமை மோகம் என இகழ்வாருளர். அது பொருந்தாது. வெண்பாவுக்குத் தளை எவ்வாறோ, அவ்வாறே இதற்குக் கட்டம். ஆட்டம் தானே வரைந்து காட்டும் வரைபடத்தை நீக்கிவிட்டு ஆடவும் இதில் இடமுண்டு. அப்பொழுது கட்டத்தாளும் பென்சிலுங் கொண்டு ஆடுவோனே வழி வரைதல் வேண்டும். தன் கையால் வரைந்த தாளிலே நிரம்பாது எஞ்சிய கட்டங்களைக் கண்டு, ‘ஈண்டு ஓர் அறை மறைந்திருத்தல் வேண்டும்’ என அவன் உய்த்துணர்ந்து, சுவரிலே பொத்தானைத் தேடிக் காணும் கணமே இவ்வாட்டத்தின் தலையாய இன்பம். வரைபடம் தானே வந்து விழுமிடத்து அவ்வின்பம் பாதியாய்க் குறையும். கைப்பேசி காட்டாவிடிற் சிலாபத்துக்குஞ் செல்ல அறியாதார் மலிந்த இந்நாளில் இது சிறு பேறன்று!

போர்முறையோ குறையுடையது. திறந்த வெளியிலே விலங்கு தாக்குமுன் பக்கக் கட்டத்துக்கு நகர்ந்து, அது திரும்புமுன் அடித்து, மீண்டும் நகர்வோனை அது தொடுதல் அரிது. இச்சுற்றாட்டம் கைவந்தபின் அச்சம் அகன்று பழக்கமே எஞ்சும். இதனினும் பெரிய குறை, நால்வரும் ஆளாக உருப்பெறாமை. அவர் இழைத்த குற்றம் யாதென்று ஆட்டம் உரைப்பதேயில்லை. ஒருவர் மாண்டால் ஏனையோர் புலம்பார். நீலப் படிகத்தைத் தொட்டதும் மாண்டவர் எழுவர். அபிமன்யுவுக்கு அத்தகைய படிகம் வாய்க்கவில்லை. தாய்வயிற்றிலிருந்து கேட்டதும் பாதியே. உள்ளே தனித்து நிற்பவன் எவன் என்று கேட்போர் அறிந்திருத்தலாலேயே அவ்வியூகம் கொடியதாயிற்று.

2014இல் வந்த இரண்டாம் பாகம் நிலவறையினின்று வெளிப்பட்டுத் தீவொன்றின் காட்டிலும் கரையிலும் உலவ இடந்தந்தது. நால்வர் மாத்திரம் முன்போலவே பேச்சற்று நின்றனர்.